பிப்ரவரிக்குத் தள்ளிவைத்த இதயம்

ரோசலி பியெட்ராஸ் அதிகம் பேசமாட்டாள். பள்ளிக்கூடச் சமையலறையில் தலைக்கு வலை மாட்டிக்கொண்டு, பிள்ளைகள் நீட்டுகிற தட்டில் மசித்த உருளைக்கிழங்கை வைத்து, "அடுத்தது" என்று சொல்வதே அவளுக்கு ஒரு நாளைக்குப் போதுமான பேச்சு. கல்யாணமான புதிதில் கணவன் இதை அடக்கம் என்று மெச்சினான். பிறகு அதையே குறையாகச் சொன்னான். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒரு ஜனவரியில் அரிசோனாவுக்குப் போனவனுக்கு அங்கே வெயில் ஒத்துக்கொண்டது போலிருக்கிறது, திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு அவளுக்கென்று மிஞ்சியவை ஈரி ஏரிக்கரையில் அப்பா விட்டுப்போன மரவீடும், அதன் மாடியில் குடியிருக்கும் தம்பி நார்பர்ட்டும், மைதானத்தின் மூலையில் ஏரிக்காற்று நேராக முகத்தில் அறைகிற இரண்டு இருக்கைகளும்தான்.

இருக்கைகளும் அப்பாவுடையவை. ஊர் ஃபுட்பால் அணியான ஸ்டோக்கர்ஸ் சொந்த ஊரில் ஆடும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவர் அங்கே உட்கார்ந்து, தோற்பதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தார். அவர் போன பிறகு நார்பர்ட் அவருடைய இருக்கையிலும் ரோசலி பக்கத்து இருக்கையிலும் உட்கார்ந்து தோற்பதைப் பார்த்தார்கள். நார்பர்ட்டுக்கு நகராட்சியில் பனி அள்ளும் வண்டி ஓட்டுகிற வேலை. தோல்வியும் அந்த ஊருக்குப் பனி மாதிரிதான். வரும் என்று தெரியும். வந்ததும் வாரி ஓரமாகத் தள்ளிவிட்டு வேலைக்குப் போவார்கள்.

அமெரிக்க ஃபுட்பாலில் ஒரு வினோத நியாயம் உண்டு. எல்லோருக்கும் கீழே கிடக்கிற அணிக்குத்தான், கல்லூரியிலிருந்து வருகிற புதுப் பையன்களில் முதல் ஆளைப் பொறுக்கும் உரிமை. பந்தியில் கடைசியாக உட்கார்ந்தவன் இலைக்கு முதல் வடை. ஸ்டோக்கர்ஸ் இதற்கு முன்னாலும் பொறுக்கியிருந்தார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு குவார்ட்டர்பேக்கை, அதாவது பந்தைக் கையில் வாங்கி, யாருக்கு எறிவது என்று கண்ணிமைக்கும் நேரத்தில் முடிவெடுக்கிற நாயகனைத்தான் பொறுக்கினார்கள். ஒவ்வொருவன் பெயர் போட்ட சட்டையையும் நார்பர்ட் வாங்கினான். ஒரு சட்டையால் இப்போது காரைத் துடைக்கிறான். இன்னொன்றில் அவன் கூட்டாளி ஃப்ளாய்டின் நாய் படுக்கிறது.

ஏப்ரலில் மறுபடியும் முதல் வடை வந்தது. அன்று சாயங்காலம் நார்பர்ட்டின் மாடி அறையில் தொலைக்காட்சிக்கு முன்னால் அவனும், அவனோடு உருக்காலையில் வேலை பார்த்துப் பிறகு அவனோடேயே வேலையிழந்த ஃப்ளாய்டும் உட்கார்ந்திருந்தார்கள். ரோசலி கீழே இருந்து பியெரோகி கொழுக்கட்டை எடுத்துக்கொண்டு வந்து கதவோரம் நின்றாள். திரையில் டெக்சாஸ்காரப் பையன் ஒருவன் மேடையேறினான். கால்டர் விக்ஸ் என்று பெயர். தோள் கதவு அகலம்.

நார்பர்ட் எழுந்துபோய்த் தொலைக்காட்சியை முத்தமிட்டான்.

"தொடைச்சு விடுடா, எச்சில்," என்றான் ஃப்ளாய்ட். "அந்தப் பல்லப் பாத்தியா? வரிசையா, முத்தாட்டம். நம்மூர்ல ஒரு வருஷம் ஆடுனா அதுல எத்தன மிஞ்சும்?"

"வாயக் கழுவு. இவன் வேற. இவன் எறியறது உனக்குத் தெரியாது. அறுபது கெஜம் தாண்டி ஒருத்தன் ஓடிக்கிட்டே இருப்பான், அவன் கையில கொண்டு போய் வெப்பான் பந்த. பால் டம்ளர் வெக்கிற மாதிரி."

"போன தடவ வந்தவனும் அப்படித்தான்னு நீதான் சொன்ன."

"போன தடவக்காரன் சோம்பேறி."

"அதுக்கு முந்தினவன்?"

"அவன் பொண்டாட்டிக்கு ஊர் பிடிக்கல."

ரோசலி தட்டை வைத்துவிட்டு, "அவனுக்கு முன்னாடி யாரு நிப்பா?" என்று கேட்டாள்.

இரண்டு பேரும் திரும்பினார்கள். அவள் கேள்வி கேட்பது அபூர்வம்.

"அந்த அஞ்சு பேரச் சொல்றேன். போன வருஷத்து ஆளுங்கதானே?"

எறிகிறவன் நின்று நிதானித்து எறிய வேண்டுமானால், அவனுக்கு முன்னால் ஐந்து தடியர்கள் தோளோடு தோள் நின்று, பாய்ந்து வருகிறவர்களைத் தடுக்க வேண்டும். சுவர் இருந்தால்தானே சித்திரம். ஸ்டோக்கர்ஸின் சுவர் பல வருஷமாக இடிந்தே கிடந்தது. அது நார்பர்ட்டுக்கும் தெரியும், ஃப்ளாய்டுக்கும் தெரியும், ஊரில் தபால்காரனுக்கும் தெரியும்.

"இவன் வந்துட்டா அவனுங்களும் நல்லா ஆடுவானுங்க ரோசி," என்றான் நார்பர்ட். "ஒரு பெரிய ஆளு நடுவுல வந்து நின்னா, சுத்தி இருக்கறவனுக்கெல்லாம் முதுகு நிமிரும். நீ பாரு."

அவள் திரும்பிப் போகும்போது, சிரித்துக்கொண்டிருந்த தம்பிக்கு மூச்சு வாங்குவதை மட்டும் கவனித்தாள். எழுந்து தொலைக்காட்சி வரை போய்வந்ததுதான் அவன் செய்தது.

அதற்குப் பிறகு அவள் படிக்கட்டைக் கேட்க ஆரம்பித்தாள். அவளுடைய சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் மாடிப்படி. நார்பர்ட் வேலை முடிந்து ஏறும்போது சத்தம் சீராக வரும், பாதியில் நிற்கும், கொஞ்சம் கழித்துத் தொடரும். ஜூலையில் நிற்கிற நேரம் நீண்டது. ஆகஸ்டில் அவளே அவனைக் காரில் ஏற்றி மருத்துவமனைக்குக் கூட்டிப்போனாள்.

டாக்டர் லின்ட்குவிஸ்ட் வேறு மாநிலத்திலிருந்து வந்த பெண்மணி. இதயத்திலிருந்து ரத்தம் வெளியே போகிற வாசலில் இருக்கும் வால்வு தடித்துக் கல்லாகிவிட்டது என்று படம் காட்டிச் சொன்னார்.

"மாத்தணும். நெஞ்சைத் திறந்துதான் செய்யணும். செப்டம்பர்லயே வச்சுக்கலாம். அப்புறம் மூணு மாசம் ஓய்வு. குளிர்ல போகக்கூடாது, கத்தக்கூடாது, எதையும் தூக்கக்கூடாது."

நார்பர்ட் தொப்பியை மடியில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தான். "சீசன் முடியட்டும் டாக்டர்."

"எந்த சீசன்? மான் வேட்டையா?"

அவன் பதில் சொல்லாமல் ரோசலியைப் பார்த்தான், இந்தம்மாவுக்கு நீயாவது எடுத்துச் சொல்லேன் என்பது போல.

"இது எவ்வளவு நாள் தாங்கும்னு என்னால சொல்ல முடியாது," என்றார் டாக்டர். "ஒரு வருஷம் தாங்கலாம். நாளைக்கு உங்க வீட்டுப் படியிலயே நின்னும் போகலாம்."

"சரி டாக்டர். யோசிச்சு நாள் குறிச்சுக்கிறோம்."

வெளியே நாள் குறிக்கிற பெண்ணிடம் போய் நின்றான். "பிப்ரவரி," என்றான். "ரெண்டாவது வாரம் தாண்டி."

"எதுக்கு அவ்வளவு தள்ளி? நமக்கு ஆட்டமெல்லாம் ஜனவரி தொடக்கத்துலயே முடிஞ்சிடுமே."

"இந்த வருஷம் முடியாது."

கோப்பைக்கான இறுதி ஆட்டம் பிப்ரவரியில். ஸ்டோக்கர்ஸ் ஒருநாளும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. அந்தப் பெண் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். சிரிப்பாள் என்று ரோசலி நினைத்தாள். அவள் சிரிக்கவில்லை. நெஞ்சில் கைவைத்து, "உங்க வாக்கு பலிக்கட்டும் சார்," என்று சொல்லி பிப்ரவரியில் பதிந்து கொடுத்தாள்.

ரோசலி அடுத்த ஞாயிறு கோயிலில் பாதிரியாரிடம் சொன்னாள். அவர் கவலையோடு கேட்டுக்கொண்டுவிட்டு, "பையன் வேற நல்லா எறியறானாமே," என்றார். சமையலறையில் கூட வேலை செய்கிறவர்களிடம் சொன்னாள். "எங்க வீட்டுக்காரர் மூட்டு ஆபரேஷனையும் அப்படித்தான் தள்ளிவச்சிருக்கார்," என்றாள் ஒருத்தி. ஊரில் ஒருவருக்கும் இது பைத்தியக்காரத்தனமாகப் படவில்லை. ரோசலிக்குப் பயம் பிடித்ததே அப்போதுதான்.

செப்டம்பரில் முதல் ஆட்டம். விடிந்ததும் மைதானத்து வாகன நிறுத்தத்தில் அவரவர் வழக்கமான இடத்தில் வண்டியை விட்டு, அடுப்பை இறக்கி, சாஸேஜ் வாட்டினார்கள். ஃப்ளாய்ட் பீர்ப் பெட்டியைத் தூக்கினான். நார்பர்ட் தூக்கப் போனபோது ரோசலி முறைத்ததால் கையை எடுத்துக்கொண்டான். புதுச் சட்டை போட்டிருந்தான், முதுகில் விக்ஸ் என்று எழுதியிருந்தது.

அந்த ஆட்டத்தில் கால்டர் ஒரு பந்து எறிந்தான். ஏரிக்காற்று எதிரே வீச, அது சுழன்றுகொண்டே மேலே போய், எவ்வளவு நேரம் ஆனாலும் பரவாயில்லை என்பது போல வானத்தில் நின்று, ஓடுகிறவன் கையில் வந்து இறங்கியது. மைதானம் ஒரு நிமிஷம் மூச்சுவிடவில்லை. நார்பர்ட் அழுதுவிட்டான். கடைசியில் தோற்றார்கள், ஆனாலும் கொஞ்சத்தில்தான். தோற்றுவிட்டு ஊர் சிரித்த முகத்தோடு வீட்டுக்குப் போனது அன்றைக்குத்தான்.

ரோசலி பந்தைப் பார்ப்பதில்லை. சிறுவயதிலிருந்தே கூட்டம் எங்கே பார்க்கிறதோ அங்கே பார்க்க அவளுக்குக் கூச்சம். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடது ஓரத்தில் நிற்கிறவனுக்கு முழங்காலில் கனத்த கட்டு. ஒவ்வொரு முறையும் அரைநொடி தாமதமாகத் திரும்பினான். அந்த அரைநொடியில் எதிராளி ஒருவன் அவனைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய் கால்டரைத் தரையில் சாய்த்தான். பையன் எழுந்து, பல்லில் ஒட்டிய புல்லைத் துப்பி, கட்டுப் போட்டவன் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டு மறுபடி நின்றான். மறுபடி சாய்த்தார்கள்.

அடுத்த ஆட்டமும் போயிற்று. அதற்கடுத்ததும். ஊர் இன்னும் பந்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. ஏரிப்பக்கத்து மரங்கள் பழுத்துக் கொட்டின. ஆட்டம் முடிந்து திரும்புகிற சரிவில் ஒருநாள் நார்பர்ட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். உதடு சாம்பல் நிறமாக இருந்தது.

"என்னடா?"

"ஏரியப் பாக்குறேன்."

"ஏரி அந்தப் பக்கம்."

"எல்லாப் பக்கமும் ஏரிதான் இந்த ஊர்ல."

ஃப்ளாய்ட் ஒரு கையும் அவள் ஒரு கையுமாகப் பிடித்துக் கார் வரை கொண்டுவந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் மாடிப்படியின் கீழ்ப்படியில் அவனை உட்காரவைத்து, எதிரே நின்றுகொண்டு அவள் பேசினாள். வாழ்நாளில் அவ்வளவு நீளமாக அவனிடம் பேசியதில்லை.

"நாளைக்கு போன் போடறேன். தேதிய மாத்தச் சொல்றேன்."

"இப்பப் போனா எல்லாம் போச்சு. இப்பத்தான் அவனுக்குப் பிடிபட ஆரம்பிச்சிருக்கு."

"எவனுக்கு?"

"கால்டருக்குத்தான். இனிமே பாரு, வரிசையா ஜெயிச்சா இன்னும் கணக்குல இருக்கோம்."

"நார்ப், அந்தப் பையன் ஒருத்தன். அவன் எறிவானா, தடுப்பானா, ஓடுவானா? இருபத்திரண்டு வயசுப் பிள்ளை தலையில ஊரையே தூக்கி வச்சிருக்கீங்க. இப்ப உன் நெஞ்சையும் சேத்து வச்சிருக்க."

நார்பர்ட் தரையைப் பார்த்தான். "அப்பா போன நாள்லேர்ந்து நான் ஒரு ஆட்டத்தையும் விட்டதில்ல ரோசி. காய்ச்சல்ல போயிருக்கேன். உடைஞ்ச விரலோட போயிருக்கேன். ஜெயிக்கிற வருஷம் நான் இல்லாம போச்சுன்னா, இத்தன வருஷமும் எதுக்கு உக்காந்தேன்?"

"அப்ப நான் வரல," என்றாள்.

"வரலன்னா?"

"இனிமே மைதானத்துக்கு வரல. நீ விழறதப் பாக்க என்னால ஆகாது."

"சீட்டு காலியா இருக்குமே. அப்பா சீட்டுக்குப் பக்கத்து சீட்டு."

"அப்பா செத்துட்டாருடா. நீதான் அவர் பக்கத்துல போய் உக்காரப் பாக்குற."

அவன் கைப்பிடியைப் பற்றி எழுந்து மெல்ல ஏறினான். பாதியில் நின்ற சத்தத்தை அவள் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டாள்.

அடுத்த சொந்த ஊர் ஆட்டத்துக்கு ஃப்ளாய்ட்தான் அவனைக் கூட்டிப்போனான். ரோசலி வீட்டில் கோழி சூப் வைத்தாள். வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே வானொலியைப் போட்டாள். ஞாயிறு மத்தியானம் அந்த வீட்டில் இருப்பது அவளுக்கே புதிதாக இருந்தது. தெருவில் ஈ, காக்கை இல்லை. வர்ணனையாளர் கத்திக் கத்திப் பேசினார். கால்டர் பின்வாங்குகிறான், பார்க்கிறான், பார்க்கிறான் என்றார். பிறகு நிறுத்திவிட்டார். கூட்டத்தின் இரைச்சலும் நின்றது. அவள் கரண்டியோடு நின்றாள். வெகுநேரம் கழித்து வர்ணனையாளர் வேறு குரலில், "எழுந்திருக்கவில்லை," என்றார். எறிகிற கையின் தோளில் அடி.

சுவரின் இடது ஓரம் வழியாகத்தான் வந்து சாய்த்திருப்பார்கள் என்று அவளுக்குக் கேட்காமலே தெரிந்தது. கட்டுப் போட்டவனும் பாவம்தான் என்று நினைத்தாள். அவனை உட்காரவைக்க யாருக்கும் தோன்றவில்லை. எல்லோரும் எறிகிறவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் ஃப்ளாய்டின் வண்டி வந்து நின்றது. படியில் சத்தம் கேட்டது. பாதியில் நின்றது. தொடரவில்லை.

ரோசலி ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். நார்பர்ட் நடுப்படியில் உட்கார்ந்திருந்தான். உயிரோடுதான் இருந்தான். சட்டையில் கடுகுச் சாந்து கொட்டியிருந்தது; அதைத் துடைக்கக்கூட இல்லை.

"கேட்டியா?" என்றான்.

"கேட்டேன்."

"நம்ம மூலையிலதான் விழுந்தான். தலைக்கவசத்தக் கழட்டினாங்க. முகத்தப் பாத்தேன், ரோசி. சின்னப் பையன். டிவியில பெரிசாத் தெரிஞ்சான். எங்களப் பாத்து மன்னிச்சுக்கங்கங்கிற மாதிரி பாத்தான். அவன் என்ன தப்பு பண்ணான்?"

அவள் இரண்டு படி கீழே உட்கார்ந்தாள். பேசினால் கெடும் என்று அவளுக்குத் தெரியும்.

"ஆபரேஷனாம் அவனுக்கு," என்றான். "இந்த வருஷம் அவ்வளவுதான்."

"ம்."

"பிப்ரவரி வரைக்கும் காத்திருக்க இனிமே ஒண்ணுமில்ல."

"சூப் வச்சிருக்கேன்," என்றாள் ரோசலி.

மறுநாள் அவள் போன் போட்டபோது, நாள் குறிக்கிற அதே பெண்தான் எடுத்தாள். பெயரைக் கேட்டதும் பெருமூச்சு விட்டாள். "ஆமாம்மா. இனி என்ன இருக்கு," என்று சொல்லி அந்த வாரத்திலேயே ஓர் இடம் தேடிக் கொடுத்தாள். தம்பி உயிருக்குப் பயந்து வரவில்லை, ஆட்டம் கையைவிட்டுப் போனதால் வருகிறான் என்பது ரோசலிக்குப் புரியாமல் இல்லை. காரணம் எதுவானால் என்ன என்றிருந்தது. அவள் அவ்வளவு களைத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் அவனைத் தள்ளிக்கொண்டு போனார்கள். வால்வு மாற்றியாகிவிட்டது என்று வந்து சொன்னார்கள். பிறகு ரத்தக்கசிவு நிற்கவில்லை என்றார்கள். மறுபடி நெஞ்சைத் திறந்தார்கள். அதன்பின் தொண்டையில் குழாயோடு மயக்கத்திலேயே வைத்திருந்தார்கள். டாக்டர் லின்ட்குவிஸ்ட் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "ரொம்ப காத்திருந்துட்டோம், அதான் இதயம் களைச்சுப் போயிருக்கு. ஞாயித்துக்கிழமை எழுப்பிப் பாக்கலாம்," என்றார். எழுவான் என்று சொல்லவில்லை. எழுப்பிப் பார்க்கலாம் என்றுதான் சொன்னார். ரோசலி அந்த வித்தியாசத்தை வைத்துக்கொண்டு இரண்டு நாள் அந்த நாற்காலியில் இருந்தாள்.

ஞாயிறன்று காத்திருக்கும் அறை நிரம்பியிருந்தது. எல்லோருக்கும் உள்ளே ஒருவர் படுத்திருந்தார்; எல்லோருடைய கண்ணும் சுவரில் இருந்த தொலைக்காட்சியில். ஸ்டோக்கர்ஸ் வெளியூரில் ஆடினார்கள். கால்டருடைய இடத்தில் ஒரு கிழட்டுக் குவார்ட்டர்பேக் நின்றான். தாடி நரைத்திருந்தது. அவன் எறிவான் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை, அவனும் எறியவில்லை. பந்தை வாங்கி ஓடுகிறவன் கையில் திணித்துவிட்டு ஒதுங்கினான். ஓடுகிறவன் சேற்றில் முட்டி முட்டிக் கொஞ்சம் கொஞ்சமாகப் போனான்.

ரோசலி இடது ஓரத்தைப் பார்த்தாள். கட்டுப் போட்டவன் அங்கே இல்லை. வேறு ஒருவன், பெயர் தெரியாதவன், காலை அகட்டி ஊன்றி நின்று வந்தவனையெல்லாம் நிறுத்தினான். இதை முதல் ஆட்டத்திலேயே செய்திருக்கலாம் என்று நினைத்தாள். கோபம்கூட வரவில்லை.

அழகில்லாத ஆட்டம். வானத்தில் ஒரு பந்துகூட நிற்கவில்லை. மூன்று முறை கம்பங்களுக்கு நடுவே உதைத்துச் சேர்த்த புள்ளிகளைக் காப்பாற்றிக்கொண்டு, முடிவில் ஸ்டோக்கர்ஸ் ஜெயித்தார்கள். அந்த வருஷத்தின் முதல் வெற்றி. அறையில் ஒரு கிழவர் ஊன்றுகோலைத் தூக்கினார். யாரோ யாரையோ கட்டிக்கொண்டார்கள். அந்த நேரத்தில்தான் தாதி வாசலில் வந்து, "பியெட்ராஸ் வீட்டுக்காரங்க," என்று கூப்பிட்டாள்.

குழாயை எடுத்திருந்தார்கள். நார்பர்ட்டின் கண் திறந்திருந்தது. முகம் வற்றி, அப்பாவின் கடைசி நாள் முகம் மாதிரி இருந்தது. ஆனால் உதட்டில் ரத்தம் ஓடியது, சிவப்பாக இருந்தது. அவள் அதைத்தான் முதலில் பார்த்தாள். அவன் கையைப் பிடித்தாள்.

"ஞாயித்துக்கிழமையா?" என்றான். குரல் மணலாக வந்தது.

"ஆமா."

"ஆட்டம்?"

"முடிஞ்சுது."

"எவ்வளவுல தோத்தோம்?"

"ஜெயிச்சோம்டா."

அவன் அவளை உற்றுப் பார்த்தான். கண்ணோரம் நனைந்தது. தாதி பக்கம் மெல்லத் தலையைத் திருப்பி, "அவ்வளவு மோசமாவா இருக்கேன்?" என்று கேட்டான். "இவ பொய் சொல்லவே மாட்டா, இப்பச் சொல்றா."

"உங்களுக்கு ஒண்ணுமில்ல சார், தேறிட்டு வர்றீங்க," என்றாள் தாதி. "நெஜமாவே ஜெயிச்சிட்டாங்க. நானும் எட்டிப் பாத்தேன். கண்ணால காணச் சகிக்கல, ஆனா ஜெயிச்சாங்க."

"யாரு எறிஞ்சா?"

"யாரும் எறியல," என்றாள் ரோசலி.

நார்பர்ட் கூரையைப் பார்த்துக்கொண்டு யோசித்தான். மூச்சு சீராக வந்து போனது. இத்தனை மாதமாகப் பாதியில் நிற்கிற மூச்சையே கேட்டுப் பழகியவளுக்கு அது எப்போது நிற்குமோ என்று காது அங்கேயே இருந்தது. நிற்கவில்லை.

"அப்ப நான் போகாததாலதான்," என்றான் கடைசியில்.

"என்னது?"

"இத்தன வருஷம் ஒண்ணு விடாமப் போனேன், தோத்தாங்க. இன்னிக்குப் போகல, ஜெயிச்சாங்க. நானாத்தான் இருந்திருக்கேன் ரோசி."

மூன்று மாதம் குளிரில் போகக்கூடாது, கத்தக்கூடாது, எதையும் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதை இவனிடம் எப்படிச் சொல்லி நிறுத்துவது என்றுதான் இரண்டு நாளாக அந்த நாற்காலியில் அவள் யோசித்துக்கொண்டிருந்தாள்.

"இருக்கும்டா," என்றாள் ரோசலி. "இந்த வருஷம் நீ அந்தப் பக்கமே போகாத."

"போகல," என்ற நார்பர்ட், பெரிய தியாகம் செய்கிறவன் போலக் கண்ணை மூடிக்கொண்டான்.